உறைக்குள் போன ஓட்டு

கணவன் வீரமணி இறந்தபின் பரிமளா திருமழபாடியில் தாய்வீட்டோடு தங்கிவிட்டாள். ஓட்டு மட்டும் புகுந்த ஊரான பூலாம்பாடியில் இருந்தது. மாமியார் வீட்டிலிருந்து யாரும் அவளை வந்து பார்க்கவில்லை. தேர்தலைச் சாக்காக வைத்துப் போனால், அப்படியே அந்த வீட்டுக்குள்ளும் ஒருமுறை நுழைந்துவிடலாம் என்று கிளம்பினாள். அரியலூரிலும் பெரம்பலூரிலும் பஸ் மாறி வந்து சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது.

பள்ளிக்கூடத்து வாக்குச்சாவடியில் பட்டியல் பார்த்தவர் நிமிர்ந்தார். “உங்க ஓட்டு காலையிலேயே பதிவாயிடுச்சேம்மா.”

“நான் இப்பதாங்க சார் பஸ்ஸ விட்டே இறங்குறேன்!”

தலைமை அலுவலர் அவளுடைய அட்டையை வாங்கிப் படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். விரலில் மை இல்லை. கணவன் பெயரும் தெருப் பெயரும் கேட்டார். மூலையில் உட்கார்ந்திருந்த கட்சி ஏஜெண்ட் அமாவாசை, “வீரமணி சம்சாரந்தாங்க சார்” என்றான்.

“அப்ப காலையில வந்தது யாரு?”

அமாவாசை குனிந்துகொண்டான்.

“மெஷின்ல இனிமே போட முடியாதும்மா. டெண்டர் ஓட்டுன்னு ஒண்ணு இருக்கு, சீட்டுல போடலாம்” என்று அலுவலர் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கினார். சின்னங்கள் அச்சடித்த சீட்டையும் முத்திரையையும் நீட்டினார். மறைவுக்குப் போய்க் குத்தி, மடித்துக் கொண்டுவந்தாள். அதைத் தனி உறையில் போட்டார்.

“இத எண்ணுவீங்களா சார்?”

“இப்ப எண்ண மாட்டாங்க. ஜெயிச்சவருக்கும் தோத்தவருக்கும் கொஞ்சந்தான் வித்தியாசம்னு யாராச்சும் கேஸ் போட்டு, கோர்ட்டு சொன்னாத்தான் பிரிப்பாங்க.”

வெளியே வந்தாள். பள்ளிக்கூட வாசலில் நாத்தனார் சசிகலா நின்றிருந்தாள். தா.பழூரில் வாழ்க்கைப்பட்டவள், ஓட்டும் அங்கேதான். பரிமளாவைக் கண்டதும் இடதுகையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். அதற்குள் விரல் மை கண்ணில் பட்டுவிட்டது.

“நீயா சசி?”

“நீங்க இனிமே வரவே மாட்டீங்கன்னு அம்மா சொல்லிச்சு, அண்ணி. வீணாப் போவுற ஓட்டுதானே, நீ போட்டுட்டு வான்னு...” சசிகலா கேட் பக்கம் பார்த்தாள். “போலீஸ்ல சொல்லிராதீங்க. புள்ளைங்க இருக்கு.”

கேட்டருகே காவலர் நின்றுகொண்டிருந்தார். ஒரு வார்த்தை போதும். பரிமளா அவரைத் தாண்டி நடந்தாள். மாமியார் வீட்டுத் தெரு முனை வந்தது. திரும்பாமல் நேராகப் பஸ் நிறுத்தத்துக்குப் போனாள். சசிகலா பின்னாலிருந்து கூப்பிட்டாள். வீட்டுக்கு வாங்க என்று மட்டும் சொல்லவில்லை.

இருட்டிய பிறகு வீடு வந்தவளிடம் அம்மா, “மாமியா நல்லா பேசினாங்களா?” என்று கேட்டாள்.

“பேசினாங்கம்மா.”

வாக்கு எண்ணிய அன்று பரிமளா டிவி முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். அந்தத் தொகுதியில் வித்தியாசம் பல ஆயிரம். யாரும் கோர்ட்டுக்குப் போகவில்லை.