கணக்கில் சேராத அணி

காலிறுதிக்குப் போக என் தங்கை கிளாரிசாவின் அணிக்கு இன்னும் ஒரு வெற்றி வேண்டும். இந்தத் தடவையும் முதல் சுற்றுகளோடு திரும்பினால் அடுத்த ஆண்டு தமிழ் விவாத அணியே கிடையாது என்று அவள் கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். எனக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. கையுறைத் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து வீட்டுக்குப் போய், அவளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்கு வந்திருந்தேன். போட்டி நடந்த கல்லூரி மண்டபத்தின் கடைசி வரிசையில் நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டுப் படுத்துவிட்டேன். பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவன் நான். பேச்சால் ஒரு கையுறைகூட உருவாகாது என்பது என் கட்சி.

போட்டியை நடத்தும் மாணவன் மதீசன் வந்து என்னை உலுக்கினான்.

"அண்ணே, தோலோங்லா, ஒதவி பண்ணுங்க. ஒரு ஆள் கொறையுது."

தைப்பிங்கிலிருந்து வந்த அணியில் இரண்டு பேருக்கு வயிறு கெட்டுவிட்டது. மிச்சம் கனகராஜ் ஒருவன்தான். ஓர் அணி போனால் இன்னோர் அணிக்கு எதிரி இருக்காது. அந்த மாதிரி நேரத்தில் அகப்பட்டவர்களைக் கூட்டி ஓர் அணி கட்டுவார்களாம். சுவிங் டீம் என்று பெயர். அது ஜெயித்தாலும் கணக்கில் சேராது. ஆனால் அதனிடம் தோற்றவர்களுக்குத் தோல்வி தோல்விதான்.

"எனக்கு என்னா தெரியும் இதுல?"

"ஒண்ணும் தெரிய வேணாம்ணே. நேரம் பாக்க வந்த சுபாஜினியையே இழுத்துப் போட்டுட்டேன். நீங்க சும்மா நின்னு ஏதாச்சும் பேசுங்க, போதும்."

சரி என்று தலையாட்டிய பிறகுதான் எதிரணி யார் என்று திரையில் வந்தது. கிளாரிசாவின் அணி. மதீசன் தலையைச் சொறிந்துகொண்டு அவளைக் கூப்பிட்டான்.

"ஒனக்கு ஆட்சேபம்னா சொல்லு. வேற ஆள் தேடுறேன்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஆட்சேபம் இல்ல. ஆனா தோத்துக் குடுக்கக் கூடாது. அப்புறம் அண்ணன் விட்டுக் குடுத்துதான் போனாங்கன்னு பேசுவாங்க. சத்தியம் பண்ணு, நைஜல்." கோபம் வந்தால்தான் அவள் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவாள்.

"தூங்கி விழுறவன்கிட்ட சத்தியமா?"

"பண்ணு."

பண்ணினேன்.

தலைப்பு: தொழிற்சாலைகளில் இரவு வேலையைத் தடை செய்ய வேண்டும். ஆதரித்து அவர்கள், எதிர்த்து நாங்கள். கனகராஜ் தலைப்பைப் பார்த்தான். பிறகு என் கம்பெனிச் சட்டையைப் பார்த்தான்.

"அண்ணே, நம்ம கேஸே நீங்கதான்லா."

கிளாரிசாவின் அணியில் முதலில் பேசியவன் மருத்துவமனைகளுக்கும் உலை காப்பவர்களுக்கும் விலக்கு உண்டு என்று எல்லை போட்டான். அச்சடித்த மாதிரிப் பேசினான். எங்கள் அணியில் இரண்டாவதாக என் முறை வந்ததும் எழுந்தேன். குறிப்பு எதுவும் கிடையாது.

"நீங்க பேசுற நைட்டு வேலைய நான் செய்யுறேன். நேத்து ராத்திரியும் செஞ்சேன். தடை போட்டா நான் நிம்மதியா தூங்குவேன்னு நெனைக்கிறீங்க. நல்ல மனசு. ஆனா யாராச்சும் என்னைய கேட்டீங்களா? நான் படிக்கல. மத்தவங்க தூங்குற நேரத்துல முழிச்சிருக்கிறது ஒண்ணுதான் எங்கிட்ட விக்கிறதுக்கு இருக்கு. அதையும் புடுங்கிட்டு, ஒன்னைய காப்பாத்திட்டோம்னு சொல்வீங்களா?"

மண்டபத்தில் மேசைகளைத் தட்டினார்கள். உட்கார்ந்தேன். நன்றாகத்தான் இருந்தது. எதிரே கிளாரிசாவின் அணித்தோழர்கள் முகம் வெளிறிப்போய் இருந்தார்கள். அவர்களைப் பார்த்த பிறகுதான், நான் அவளை மூழ்கடித்துவிட்டேன் என்று உறைத்தது.

அவர்களுடைய கடைசிப் பேச்சாளர் அவள்தான். கையில் இருந்த தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தாள்.

"எதிரணியின் இரண்டாம் பேச்சாளர் சொன்னதை முதலில் முழுமையாக எடுத்து வைக்கிறேன். அதில் ஒன்று குறைகிறது."

என் வாதத்தை அவள் சொன்னாள். நான் தட்டுத்தடுமாறிச் சொன்னது அவள் வாயில் நிமிர்ந்து நின்றது. ஒருவன் தன் தூக்கத்தை என்ன செய்வதென்று அடுத்தவன் முடிவு செய்வது எவ்வளவு பெரிய அவமானம் என்று அவள் சொன்னபோது, நானே ஆமாம் என்று தலையாட்டினேன். இவ்வளவு பலம் கொடுத்துவிட்டு இதை எப்படி வெட்டப் போகிறாள் என்று பயமாக இருந்தது.

"விற்பனை என்றார். வேண்டாம் என்று சொல்ல முடிந்தால்தான் அது விற்பனை. பகலிலும் அதே சம்பளம் என்றால் அவர் இரவைத் தேர்ந்தெடுப்பாரா? பதில் இருந்தால் எழுந்து சொல்லட்டும்."

குறுக்கே பேச வேண்டுமானால் எழுந்து ஒரு கையைத் தலையில் வைக்க வேண்டும் என்று சுபாஜினி சொல்லிக் கொடுத்திருந்தாள். வைத்தேன். சத்தியம் செய்திருக்கிறேனே.

"தேர்ந்தெடுப்பேன். எனக்கு ராத்திரிதான் புடிக்கும். ஒருத்தன் தொல்லை கெடையாது."

சிரிப்பு எழுந்தது. அது பொய்யும் இல்லை. அவள் மாட்டிக்கொண்டாள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

"நன்றி. நம்புகிறேன்," என்றாள். "அவருக்குப் பிடித்திருக்கிறது. பிடிக்காத நாளில் அவர் விலகிவிடலாம். அவர் பேச்சில் குறைந்தது அவருக்குப் பக்கத்து இயந்திரத்தில் நிற்பவர். நேப்பாளத்திலிருந்து வந்தவர். ஒப்பந்தம் முடியும்வரை வேறு முதலாளியிடம் போக முடியாதவர். அவரிடம் பிடிக்கிறதா என்று இந்த மண்டபத்தில் யாரும் கேட்கவில்லை, எதிரணியின் இரண்டாம் பேச்சாளர் உட்பட. சட்டம் விலக முடிந்தவருக்காக அல்ல. விலக முடியாதவருக்காக."

யாரும் மேசையைத் தட்டவில்லை. தட்டத் தோன்றவில்லை. எனக்குப் பக்கத்து இயந்திரத்தில் உண்மையிலேயே ஒரு நேப்பாளி நிற்கிறான். ஒரு வருடமாகப் பக்கத்தில் நிற்கிறோம். நான் அவனிடம் எதுவும் கேட்டதில்லை.

இன்னொன்றும் அப்போதுதான் புரிந்தது. போன மாதம் விடியற்காலையில் நான் தூங்கிக்கொண்டே மோட்டாரைக் கால்வாயில் விட்டது அவளுக்குத் தெரியும். முழங்காலுக்கு மருந்து போட்டவளே அவள்தான். அதைச் சொல்லியிருந்தால் ஒரே வாக்கியத்தில் நான் காலி. வீட்டு விஷயத்தில் ஒரு துரும்பைக்கூட அவள் எடுக்கவில்லை. எடுக்காமலேயே என்னைத் தரையில் போட்டாள். நாங்கள் குடியிருக்கும் பழைய தோட்டத்து வீட்டில் ஒரே பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் இவள் படித்துக்கொண்டிருந்தாள், இந்தப் பக்கம் நான் பகல் முழுக்கத் தூங்கிக்கொண்டிருந்தேன். இப்படி ஒருத்தி வளர்ந்தது எனக்குத் தெரியாது. உடம்பு சிலிர்த்தது. குளிரால் இல்லை.

நடுவர் சந்திரமதி, ஈப்போவில் வழக்கறிஞர், முகத்தில் எதையும் காட்டாதவர். கிளாரிசா நேரத்தைத் தாண்டியதற்கு இரண்டு புள்ளி குறைத்ததாக முதலில் சொன்னார். பிறகு, "வெற்றி ஆதரவு அணிக்கு," என்றார்.

முடிந்ததும் இரண்டு அணியும் எதிரெதிரே நடந்து கை குலுக்க வேண்டுமாம். அவள் கை ஈரமாக, ஐஸ் மாதிரி இருந்தது.

"ஏண்ணே அப்படிப் பேசுன? நான் செத்தேன்னு நெனச்சேன்."

"நீதானே சத்தியம் வாங்குன."

"அதுக்காக இப்படியா? சரி, நீ படு. காலிறுதி முடிஞ்சதும் எழுப்புறேன்."

"எந்த ரூம்ல நடக்குது?"

"மேல. எதுக்கு?"

நான் அவளுக்கு முன்னால் படியேறினேன். முதல் வரிசையில் இடம் பிடிக்க வேண்டியிருந்தது.