மக்கும் பெயர்

எங்கள் தெருவுக்கு மக்கிண்டயர் வந்து சேர்ந்தது ஐப்பசி மழையில். அது ஒரு ஸ்காட்லாந்துக் குடும்பப்பெயர். தேயிலைத் தோட்டத்துக்கு மேலே உள்ள கல்லறையில் அந்த நாட்டுத் துரை ஒருவர் படுத்திருந்தார். மழை விடாமல் பெய்ததில் கல்லில் இருந்த அவர் பெயர் கரைந்தது. வாய்க்காலில் இறங்கி, பேருந்து நிலையத்தைச் சுற்றிக்கொண்டு, எங்கள் தெருவில் வந்து தேங்கியது. கொசு மருந்து அடித்தார்கள். போகவில்லை.

முதலில் மிதித்தவர் எதிர்வீட்டு ராஜரத்தினம். ஓய்வுபெற்ற தாசில்தார். காலைக் கழுவியிருக்கலாம். கழுவவில்லை. சாயங்காலமே வாசலில் பெயர்ப்பலகை மாறிவிட்டது. ராஜரத்தினம் மக்கிண்டயர். முன்னால் இருந்த 'சு.' காணோம்.

இனிஷியல் போனால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். செத்துப்போன அப்பாக்கள் அதில்தான் குடியிருக்கிறார்கள். என் 'பி.'யில் என் அப்பா பிச்சாண்டி ஆசாரி இருந்தார். புள்ளியின் மேல் உட்கார்ந்து பீடி குடிப்பார். நான் கையெழுத்துப் போடும்போது காலைத் தூக்கிக்கொள்வார். உயிரோடு இருந்தபோதும் எங்களுக்குள் பேச்சு அதிகம் கிடையாது. ஆனாலும் அவர் அங்கே இருப்பது எனக்கு வேண்டியிருந்தது.

ராஜரத்தினத்தின் அப்பா சுந்தரமூர்த்தி டிரங்குப் பெட்டியோடு தெருவில் நின்றார்.

"எங்க கெளம்பிட்டீங்க?" என்று கேட்டேன்.

"பஸ் ஸ்டாண்டுக்கு."

"எந்த ஊரு பஸ்ஸு?"

"பஸ்ஸெல்லாம் இல்லப்பா. சும்மா உக்காரத்தான்."

அங்கே உட்கார இடம் கிடையாது. பெஞ்சுகளைப் போன வருடமே பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். அதை அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பெயர் பரவியது. பின்பாதியில் டயர் வருவதால் தனக்குத்தான் முதல் உரிமை என்று பஞ்சர் கடைத் தவசிமுத்து சண்டைபோட்டு, ஒன்றுக்கு இரண்டாக வாங்கிக்கொண்டார். தமிழாசிரியர் ஒருவர் தெருமுனையில் மைக் பிடித்தார். 'மக்' என்றால் மகன், நம்மிடமிருந்து கப்பலேறிப் போன சொல், அதைத் திரும்ப வாங்குவது தமிழ்த்தொண்டு என்று முழங்கினார். அவருடைய அப்பா கூட்டத்தின் கடைசியில் நின்று கைதட்டினார். தட்டி முடித்ததும் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

கட்டம்போட்ட லுங்கி கட்டியவனையெல்லாம் ரவுடி என்று சொல்லிவந்தவர் ராஜரத்தினம். இப்போது அதே லுங்கியை முழங்கால்வரை மடித்துக் கட்டிக்கொண்டு, ஸ்காட்லாந்தில் குலத்துக்கு ஒரு கட்டம் உண்டு, இது நம் குலக்கட்டம் என்றார். இந்தத் தெருக்காரர்கள் மலிவானவர்கள் என்பது எனக்குத் தெரியும். இவ்வளவு சீக்கிரம் விலைபோவார்கள் என்றுதான் தெரியாது.

நகராட்சி தன் பங்குக்கு ஓர் ஒழுங்கு செய்தது. பெயரில் மக் இருப்பவர்கள் மக்கும் வகை, பச்சைத் தொட்டி. இல்லாதவர்கள் மக்காத வகை, நீலத் தொட்டி. வெள்ளிக்கிழமை குப்பை வண்டி வந்து ஆட்களை ஏற்றிக்கொள்ளும். மக்கிண்டயர்களுக்குப் பெருமை தாங்கவில்லை. பச்சைத் தொட்டியில் நல்ல இடமாகப் பார்த்துத் துண்டு போட்டுவைத்தார்கள்.

தெருவில் மீந்தவன் நான் ஒருவன்தான். வெள்ளிக்கிழமை காலை ராஜரத்தினம் ஆள் அனுப்பினார்.

அவர் வீட்டு நடை நீண்டிருந்தது. நடந்துகொண்டே இருந்தேன். பாதி வழியில் காபி கொடுத்தார்கள். குடித்துவிட்டு மறுபடி நடந்தேன். கடைசியில் கூடம் வந்தது. என் அப்பா செய்த தேக்கு நாற்காலியில் ராஜரத்தினம் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் லுங்கிகள்.

"உலகு, இன்னிக்கு வண்டி வருது. பேரை வாங்கிக்க. அந்தப் 'பி'யை இங்க வச்சிட்டுப் போ."

"அதுல எங்கப்பா இருக்காரு சார்."

"எல்லார் அப்பாவுந்தான் இருந்தாங்க. நான் அனுப்பலையா?"

எனக்கு முன்னால் ஒருவர் நின்றிருந்தார். நனைந்த கோட்டு. தலையில் மண். கல்லறைத் துரை. நூறு வருடமாக இங்கேயே படுத்திருந்ததில் எங்கள் ஊர்ப் பேச்சு அவருக்கு நன்றாக வந்தது.

"அய்யா, அது என் பேரு. கல்லு வெறுங்கல்லா கெடக்கு. குடுத்துருங்க."

"உங்க பேரு என்ன?" என்றார் ராஜரத்தினம்.

"அதத்தான் கேக்கறேன்."

"பேரே இல்லாத ஆளுக்குப் பேரு எப்படிக் குடுக்கிறது? நீலத் தொட்டிக்குப் போங்க."

துரை கோபப்படவில்லை. களைத்திருந்தார்.

"அத வச்சு என்ன பண்ணப்போறீங்க? தச்சன் மகன்னு அர்த்தம், அவ்ளோதான். எங்க பாட்டன் பூட்டன் எவனோ மரவேலை பாத்திருக்கான்."



"அப்ப டயரு?" என்றார் தவசிமுத்து.

"டயரும் இல்ல ஒண்ணும் இல்ல."

இந்த வீட்டின் கதவு, ஜன்னல், கட்டில் எல்லாம் என் அப்பா செய்தவை. கொல்லைப்பக்கமாகத்தான் வருவார். மத்தியானச் சோற்றைக் கொல்லைவாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவார். ராஜரத்தினம் அவரை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏய் ஆசாரி" என்பார். இப்போது அவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைப்பானேன்.

ராஜரத்தினம் தச்சன் மகன், தச்சன் மகன் என்று வாய்க்குள் சொல்லிப்பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"அப்படின்னா குலத்துக்கு ஒரு தச்சன் வேணுமே."

எல்லோரும் என் 'பி'யைப் பார்த்தார்கள்.

"அப்பா," என்றார் ராஜரத்தினம். அவருக்கு எழுபது வயது. கூடம் முழுவதும் "அப்பா" என்றது.

அப்பா புள்ளியிலிருந்து இறங்கினார். பீடியை அணைத்துக் காதில் செருகினார். ராஜரத்தினம் எழுந்து நாற்காலியைக் காட்டினார். அப்பா உட்காரவில்லை. குனிந்து அதன் காலை அசைத்துப் பார்த்தார்.

"ஆடுதா?"

"இல்லப்பா," என்றார் ராஜரத்தினம்.

"ஒங்க அப்பாங்கெல்லாம் எங்க?"

மடித்துக் கட்டிய லுங்கிகளை ஒவ்வொருவராக இறக்கிவிட்டார்கள்.

"பஸ் ஸ்டாண்டுல நிக்கிறாங்க," என்றேன் நான்.

"மழையிலயா?"

"மழையிலதான்."

அப்பா என் பக்கம் திரும்பினார். "டேய், ரம்பத்த எங்க வச்ச?"

"பரண் மேல."

"பெஞ்சு அடிக்கணும். இதுவும் நல்ல பலகை." நாற்காலியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். என் 'பி'யை மடித்து இடுப்பில் செருகினார்.

"வந்துருவீங்களாப்பா?" என்று கேட்டேன்.

"வேலை முடியணும்ல. இவனுங்கள பாத்தா இன்னும் நெறைய அப்பாங்க அங்க வருவாங்க போலருக்கு."

போகாதீர்கள் என்று சொல்லத் தொண்டைவரை வந்தது. அந்த லுங்கிகள் முன்னால் சொல்லப் பிடிக்கவில்லை. அப்பா முன்வாசல் வழியாகப் போனார். போவதற்கு நடை நீளவில்லை.

குப்பை வண்டி பாட்டோடு வந்து நின்றது. மக்கிண்டயர்கள் பச்சைத் தொட்டிக்கு முண்டியடித்தார்கள். ஒருவர் துண்டை இன்னொருவர் நகர்த்திவிட்டதாக உள்ளே கைகலப்பு. ராஜரத்தினம் முன்வரிசை கேட்டார். உரமாகித் தோட்டத்துக்குப் போனாலும் நல்ல செடியாகப் பார்த்துத்தான் கேட்பார்.

வண்டிக்காரி செல்லக்கிளி என்னைப் பார்த்தாள்.

"மக்குறதா, மக்காததா? பேரு சொல்லு."

"உலகநாதன்."

"அதுக்கு முன்னாடி?"

கையை விரித்துக் காட்டினேன். புள்ளி மட்டும் இருந்தது. செல்லக்கிளி அதை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள்.

"மக்காது. நீலத்துல ஏறு."

நீலத் தொட்டியில் துரை மட்டும் நின்றுகொண்டிருந்தார். நான் புள்ளியைக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்தேன். வண்டி கிளம்பியது. பேருந்து நிலையத்தைத் தாண்டும்போது சுத்தியல் சத்தம் கேட்டது. இருவரும் அது தேயும்வரை கேட்டுக்கொண்டிருந்தோம்.

"ஆடுதா?" என்றார் துரை.

"ஆடல. உக்காருங்க."

நான் நகர்ந்து இடம் விட்டேன்.