பலகையில் ஒரு காலி இடம்

ஹால்யா பெரோகிக் கொழுக்கட்டைப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு விமானக் கொட்டகைக்குள் நுழைந்தபோது, மேவிஸ் இடுப்பு வரைக்கும் விமானத்தின் வாலுக்குள் போயிருந்தாள். வெளியே தெரிந்ததெல்லாம் அவளுடைய கால்களும், அடக்கத்துக்கென்று போட்டிருந்த கறுப்புக் காலுறைகளும்தான். பைலட் வெண்டல் தரையில் மல்லாந்து கிடந்தான். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு சக்கரத்துக்கு மேலே கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தான். மணி ஏழரை. பதினொரு மணிக்கு சர்ச்சில் அவளுடைய அண்ணன் நெஸ்டருக்கு அடக்கப் பூசை. அது முடிந்து பெட்டியைக் குழியில் இறக்கும்போது இந்த விமானம் கல்லறைக்கு மேலே பறக்கும் என்று ஏற்பாடு.

"எல்லாரும் எதைத் தேடுறீங்க?" என்று கேட்டாள் ஹால்யா.

வெண்டல் வாயில் டார்ச் இருந்தது, பதில் சொல்லாமலிருக்க அவனுக்கு அது வசதியாகப் போயிற்று. நெஸ்டரின் பழைய கூட்டாளி லோர்ன் சுவர்ப் பலகையைப் பார்த்தபடி நின்றார்.

அந்தப் பலகை நெஸ்டர் செய்தது. ஸ்பேனரிலிருந்து சுத்தியல் வரைக்கும் கொட்டகைச் சாமான் அத்தனையும் அதில்தான் தொங்கும். ஒவ்வொன்றுக்கும் பின்னால் அதன் உருவத்தைக் கறுப்புப் பெயிண்டில் வரைந்து வைத்திருந்தார். சாமானை எடுத்தால் கறுப்பு தெரியும், மாட்டினால் மறையும். ஒரே ஒரு கறுப்பு தெரிந்தாலும் விமானம் பறக்காது. தொலைந்தது விமானத்துக்குள் கிடந்து, வாலை அசைக்கிற கம்பியில் சிக்கிக்கொண்டால் ஓட்டுகிறவன் கதி என்ன? அதனால் இந்த விஷயத்தில் நெஸ்டரிடம் தாட்சண்யமே கிடையாது.

இப்போது நாலாவது வரிசையில் ஒரு கறுப்பு தெரிந்தது. மெல்லிய நீளக் காம்பு, நுனியில் சின்ன வட்டம்.

"என் பல் கண்ணாடி," என்றாள் மேவிஸ், வாலுக்குள்ளிருந்தே. முப்பது வருஷம் பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவள். ஓய்வு பெற்ற அன்று வாய்க்குள் விட்டுப் பார்க்கும் கண்ணாடி ஒன்றைக் கொட்டகைக்குக் கொடுத்திருந்தாள். கண் எட்டாத இடுக்குகளைப் பார்க்க அதைவிட நல்ல சாமான் இல்லை.

"கடைசியா யாரு எடுத்தது?"

கேட்ட பிறகுதான் ஹால்யாவுக்கே உறைத்தது. செவ்வாய்க்கிழமை மதியம் வால் பகுதியின் கடைசி மூடியை முடுக்கிவிட்டு, புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, வெளியே மடக்கு நாற்காலியில் போய் உட்கார்ந்து, பாதி சாண்ட்விச் தின்றுவிட்டுச் செத்துப்போனது அவளுடைய அண்ணன். தூங்குகிறார் என்று நினைத்து, முகத்தில் வெயில் படுகிறதே என்று தொப்பியை இழுத்துவிட்டது மேவிஸ். அன்று சாயங்காலம் சாமான் எண்ணுகிற நிலைமையில் யாரும் இல்லை. இன்று காலையில்தான் பலகையைப் பார்த்திருக்கிறார்கள்.

"அண்ணன் உள்ளயே வச்சு மூடிட்டான்னு சொல்றியா?"

"நான் அப்படிச் சொல்லல, ஹால்யா," என்றார் லோர்ன்.

"வாய்தான் சொல்லல. வாலைப் பிரிச்சு வச்சிருக்கியே."

லோர்ன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "அவன் பையில கிய்யில எங்கயாவது..."

"இந்தக் கொட்டகைக்கு வந்த பத்தொம்பது வருஷத்துல ஒரு ஆணியாவது வீட்டுக்குக் கொண்டு வந்திருப்பானா அவன்? பையில வச்சுக்கிட்டுத் திரியறது உன் பழக்கம்."

அது லோர்னுக்குச் சுருக்கென்றிருக்க வேண்டும். பலகையில் பெரிய ஸ்க்ரூடிரைவருக்குக் கீழே, விமானத்துக்கு அடித்த அதே மஞ்சள் பெயிண்டில், லோர்னின் பெயரும் தேதியும் இருந்தன. எட்டு வருஷத்துக்கு முந்திய சங்கதி. வேறொரு பழைய விமானம் பறப்பதைப் பார்க்க ஊரே திரண்டு நின்ற நாளில் ஸ்க்ரூடிரைவரைக் காணவில்லை. நெஸ்டர் பறக்கவிட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அத்தனை ஜனமும் ஐஸ்கிரீமைத் தின்றுவிட்டு வீட்டுக்குப் போன பிறகு, அது லோர்னின் வண்டி சீட்டுக்கு அடியில் கிடைத்தது. தொலைத்தவன் பெயர் பலகையில் ஏறும் என்று நெஸ்டர் அன்றைக்கே சட்டம் போட்டு, அன்றைக்கே எழுதியும் விட்டார். அதற்குப் பிறகு லோர்ன் எந்தச் சாமானைத் தொட்டாலும், "வண்டில பார்த்துட்டியா?" என்று கேட்காமல் விட்டதில்லை.

வெண்டல் டார்ச்சை வாயிலிருந்து எடுத்தான். "அது ஒரு பென்சில் கனம்கூட இருக்காது. நான் ஓட்டறேன் லோர்ன். என் உசுருதானே?"

"உன் உசுருக்காக யாருடா அழுதா? நீ விழுந்தா கீழ ஒரு சவ ஊர்வலம் நிக்குது. எல்லாரையும் ஒரே குழியில போட்டுட்டுப் போக வேண்டியதுதான்." லோர்ன் ஹால்யா பக்கம் திரும்பினார். குரல் இறங்கிவிட்டது. "நெஸ்டர் இருந்தா பறக்க விடுவானா, நீயே சொல்லு."

விடமாட்டார். அது அவளுக்குத் தெரியும். அதுதான் வயிற்றெரிச்சல்.

தன் சாவைப் பற்றி நெஸ்டர் ஒரே ஒரு தடவைதான் பேசியிருந்தார், அதுவும் சிரித்துக்கொண்டு. "மாலை வேணாம், பேச்சு வேணாம். குளவி ஒரு தடவை தலைக்கு மேல போகட்டும், போதும்." குளவி என்பது லைசாண்டர் என்கிற இந்தப் பழைய போர் விமானம்தான். மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை அடித்திருப்பதால் அந்தப் பெயர். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் யாரோ விவசாயி சக்கரத்துக்காக வாங்கிப்போட்டு, அறுபது வருஷம் கோழி அடைந்து கிடந்ததை நெஸ்டரும் லோர்னும் இழுத்து வந்தார்கள். கழுவி முடிக்கவே ஒரு கோடை போயிற்று. உலகத்தில் இன்று பறக்கிற லைசாண்டர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இரண்டு வருஷத்துக்கு முன் இது முதல் தடவை எழும்பியபோது மேவிஸ் அழுதாள், லோர்ன் அழுதார். நெஸ்டர் சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டே, "வால் கொஞ்சம் தாழ்வா இருக்கு," என்றார். அதைவிடச் சந்தோஷமாக அவரை ஹால்யா பார்த்ததில்லை.

"சரி, சூடு ஆறறதுக்குள்ள தின்னுங்க," என்று பாத்திரத்தை மேசையில் வைத்துவிட்டு அவள் வெளியேறினாள். தன் அண்ணன் கடைசியாகச் செய்த வேலையில் ஒரு கோளாறு என்று ஊர் பேசப்போகிறது. கூடவே, கேட்ட ஒன்றும் அவருக்குக் கிடைக்கப்போவதில்லை. காரில் ஏறி உட்கார்ந்து, சாவியைத் திருகாமல் கொஞ்ச நேரம் அழுதாள்.

சர்ச் நிரம்பியிருந்தது. அறுவடை நேரம். பலர் வயலிலிருந்து நேராக வந்து, கழுத்தில் தூசியோடு உட்கார்ந்திருந்தார்கள். பெட்டி திறந்தே இருந்தது. நெஸ்டர் கோட்டும் டையும் போட்டிருக்கவில்லை, நீல வேலை உடுப்பில் படுத்திருந்தார். செவ்வாய்க்கிழமை போட்டிருந்த அதே உடுப்பு. ஹால்யாவின் முடிவு அது. டை கட்டினால் அண்ணனுக்கு மூச்சு முட்டும் என்று அவள் சொன்னதும், வயதில் சின்னவரான ஃபாதர் தாராஸ் சிரித்துச் சம்மதித்துவிட்டார். அடக்கக் கம்பெனிக்காரனிடமும் கறாராகச் சொல்லியிருந்தாள். துவைக்கக்கூடாது, பையில் கை வைக்கக்கூடாது, உள்ளே விதை இருக்கும், அது அவனோடேயே போகட்டும். அவனும் சொன்னபடியே செய்திருந்தான்.

லோர்னும் மேவிஸும் மூன்றாவது வரிசையில் இருந்தார்கள். வெண்டலும் மற்றவர்களும் கொட்டகையில் இன்னும் தேடிக்கொண்டிருந்தார்கள். ஹால்யா திரும்பிப் பார்த்தபோது லோர்ன் மெதுவாகத் தலையை ஆட்டினார். கிடைக்கவில்லை.

கடைசி முத்தத்துக்கு நேரம் வந்தது. இருக்கிற ஒரே சொந்தம் என்பதால் அவள்தான் முதலில் போனாள். குனிந்து நெற்றியில் முத்தமிட்டாள். காலர் ஒரு பக்கம் மடங்கியிருந்தது, சரிசெய்தாள். எழுபத்தொரு வயதிலும் அண்ணனின் காலரைச் சரிசெய்யாமல் அவளால் இருக்க முடியவில்லை. அப்புறம் மார்புப் பையை உள்ளங்கையால் தட்டிப் பார்த்தாள். விதைகள் சரசரத்தன. விதைகளுக்கு நடுவே குச்சிபோல ஏதோ தட்டுப்பட்டது.

கை அங்கேயே நின்றது. விரலால் தடவினாள். காம்பு. நுனியில் வட்டம்.

பின்னால் வரிசை காத்திருந்தது. எடுத்தால், சட்டம் போட்ட மனுஷனே சாமானைப் பைக்குள் போட்டுக்கொண்டு சாப்பிடப் போனான் என்பது ஊருக்கே தெரிந்துவிடும். பேசாமல் நகர்ந்துவிட்டால் அது அவரோடு மண்ணுக்குள் போகும். ஆனால் குளவி இன்று பறக்காது, நாளைக்கும் பறக்காது. இல்லாத ஒன்றைத் தேடி லோர்ன் அதைக் கடைசி ஆணி வரைக்கும் பிரித்துப்போடுவார். அண்ணனின் முகத்தைப் பார்த்தாள். ஒன்றுமே தெரியாதவர்போலப் படுத்திருந்தார்.

"அடத் திருட்டுப் பயலே," என்றாள் சத்தமாகவே.

பித்தானைக் கழற்றிக் கையை உள்ளே விட்டாள். கண்ணாடி வந்தது. கூடவே நாலைந்து விதைகளும் வந்து பெட்டியின் வெள்ளைத் துணியில் சிதறின. அவள் திரும்பி, எல்லோரும் பார்க்கும்படி அதை உயர்த்திப் பிடித்தாள்.

"ஐயோ, என் கண்ணாடி!" என்று மேவிஸ் எழுந்தேவிட்டாள்.

லோர்னும் எழுந்தார். கையால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. பக்கத்தில் இருந்தவர்கள் அழுகிறார் என்று நினைத்து முதுகைத் தடவிக்கொடுத்தார்கள். அவர் அவர்களை விலக்கிக்கொண்டு பெட்டியருகே வந்து குனிந்தார்.

"எட்டு வருஷம்டா. ஒரு ஸ்க்ரூடிரைவருக்காக என்னை என்ன பாடு படுத்தின! இப்ப நீ வாங்கிக்க." சிரிப்பும் அழுகையும் கலந்து மூக்கிலிருந்து ஒழுகியது. துடைத்துக்கொள்ளவில்லை.

"மாட்டணும் லோர்ன், பலகையில மாட்டணும்," என்று மேவிஸ் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு, செருப்பு ஒலிக்க வாசலுக்கு ஓடினாள். லோர்ன் பின்னாலேயே ஓடினார். வாசலில் நின்று, "திறந்த மூடியெல்லாம் போடணும், முக்கால் மணி நேரமாவது வேணும்!" என்று கத்திவிட்டுப் போனார்.

ஹால்யா ஃபாதரைப் பார்த்தாள். "ஃபாதர், கொஞ்சம் மெதுவா பாடுவீங்களா?"

ஃபாதர் தாராஸ் வேகமாகப் பாடுகிறவர் என்று ஊரில் பெயர். அதற்காகவே அவரைப் பிடித்தவர்கள் உண்டு. அன்றைக்கு அவர் ஒவ்வொரு வரியையும் ஜவ்வாக இழுத்தார். வழக்கமாக விட்டுவிடுகிற நீளமான பைபிள் சங்கீதத்தையும் எடுத்தார். கல்லறைக்குப் போகிற வழியில் சவ வண்டி, மாட்டு வண்டி வேகத்தில் போயிற்று. குழியருகே 'என்றும் நினைவில்' என்கிற பாட்டை மூன்று தடவை பாடுவதுதான் முறை. அவர் ஐந்தாவது தடவை பாடிக்கொண்டிருந்தபோது, அடக்கம் முடிந்து சாப்பாடு போட வேண்டிய சமையல் பெண்கள் கடிகாரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டபோது, தெற்கே சத்தம் கேட்டது.

முதலில் அறுவடை இயந்திரம் என்று நினைத்தார்கள். அப்புறம் மரங்களுக்கு மேலே மஞ்சளும் கறுப்புமாக எழும்பி வந்தது. நிதானமாக, தாழ்வாக, அவசரமே இல்லாமல் வந்தது. ஃபாதர் பாட்டை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்து பார்த்தார். பெட்டிக்கு நேர் மேலே வந்தபோது இன்ஜின் சத்தம் நெஞ்சுக்குள் அதிர்ந்தது. ஹால்யா கண்ணை இடுக்கிக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள்.

"வால் இப்ப நேராத்தான் இருக்கு," என்றாள், கீழே பெட்டியைப் பார்த்து.

சாப்பாடெல்லாம் முடிந்து, மூன்று மணிக்கு அவள் காலிப் பாத்திரத்தை எடுக்கக் கொட்டகைக்குப் போனாள். குளவி இடத்துக்கு வந்துவிட்டிருந்தது. இன்ஜின் ஆறும்போது வருகிற டிக் டிக் சத்தம் இன்னும் கேட்டது. லோர்ன் மஞ்சள் பெயிண்ட் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு பலகைக்கு முன்னால் நின்றார். மேவிஸ் அவரோடு மல்லுக்கு நின்றாள்.

"சாப்பாட்டு நேரம் அது. வால் வேலைதான் முடிஞ்சிருந்துச்சு, மத்தது பாக்கி. திரும்பி வந்து மாட்டியிருப்பான். அதை எப்படித் தொலைச்சதுன்னு சொல்லுவ?"

"சாப்பிட எந்திரிச்சாலும் மாட்டிட்டுத்தான் எந்திரிக்கணும். மூணாவது விதி. அதை எழுதினது யாரு, நானா?"

மேவிஸ் ஹால்யாவைப் பார்த்தாள். ஹால்யா கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டாள்.

"விதின்னா விதிதான்," என்றாள்.

லோர்ன் பிரஷ்ஷை அவளிடம் நீட்டினார். "என் பேரை எழுதினப்ப அவன் சிரிச்சுக்கிட்டே எழுதினான். எனக்கு அப்படி வராது. நீ எழுது."

கல்லறைக்குக் கல் வர வசந்தகாலம் ஆகும் என்று சொல்லியிருந்தார்கள். அவள் கண்ணாடிக்குக் கீழே, நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக நெஸ்டர் என்று எழுதினாள். அடியில் செவ்வாய்க்கிழமையின் தேதியைப் போட்டாள். ஒரு எழுத்தில் பெயிண்ட் கொஞ்சம் வழிந்தது. விரலால் துடைத்தாள். மூன்று பேரும் பின்னால் நகர்ந்து நின்று பார்த்தார்கள். நன்றாகத்தான் வந்திருந்தது.

பிரஷ்ஷைக் கழுவி உதறிவிட்டு, அதை எங்கே வைப்பது என்று ஹால்யா மேசையைப் பார்த்தாள். லோர்ன் பலகையின் கடைசி வரிசையைக் காட்டினார். அங்கே பிரஷ் அளவுக்கு ஒரு கறுப்பு இருந்தது. அவள் போய் மாட்டினாள்.