பாறைக்குக் கீழ கூப்பிட்ட பேரு

அந்தப் பேரு வாயிலேர்ந்து வெளிய வந்த பிறகுதான் ரோண்டாவுக்கே உறைச்சுது. வேற ஒண்ணுமில்ல, பழக்கம். ஓவியப் பாறைக்கு ஏறறதுக்கு முன்னாடி கீழயே நின்னு, யார் யார் வர்றோம்னு உள்ள ஆவியா இருக்கற மூத்தவங்களுக்குக் குரல் கொடுக்கணும். பத்து வருஷமா காட்டு ரேஞ்சர் வேலைல அவளும் தம்பியும் ஒண்ணாதான் வருவாங்க, ரெண்டு பேரையும் சேர்த்தே கத்துவா. இன்னிக்கும் தன் பேரு, அத்தை டோரீன் பேரு, அப்பறம் தம்பி பேரு. அவன் செத்து எட்டு மாசம். பேரைச் சொன்னா செத்தவன் திரும்பி வந்துடுவான்னு, ஊர்ல அந்தப் பேரை இதுவரைக்கும் ஒருத்தரும் சொல்லல. அதே பேரு இருந்த இன்னொரு பையனுக்குக்கூட இப்ப வேற பேருதான்.

பேரு பாறைல மோதி, ரெண்டு தடவ திரும்பி வந்துச்சு.

"அடிப்பாவி! வீடு பூரா புகை போட்டு, அழுது, அனுப்பி வெச்சோம். நீ வாடான்னு கூப்பிடற!"

"வாய் தவறிடுச்சு அத்த."

"ஊரே கத்தினாலும் அவனுக்குக் காது கேக்காது. நீ கூப்பிட்டா மட்டும் எங்கிருந்தாலும் ஓடி வருவான். கழுத."

திரும்பிப் போகவும் முடியாது. கிழக்க காட்டுத்தீப் புகை ஏறிட்டிருந்துச்சு. அது வர்றதுக்குள்ள பாறையடில காஞ்ச புல்லை வாரலன்னா, சூட்டுல கல்லு உரிஞ்சு ஓவியம் கொட்டிடும். ஏறினாங்க. ரெண்டு பேருதான் வாரினாங்க, ஆனா பாறைக் குகைக்குள்ள மூணு பேர் வாருற மாதிரி சத்தம். ரோண்டா நிறுத்திப் பார்த்தா. அத்தையும் நிறுத்தினாங்க. சத்தம் ஒரு நொடி கழிச்சு நின்னுச்சு.

பாறைல முள்ளெலும்பு தெரியற மாதிரி வரைஞ்ச பெரிய மீனுக்குக் கீழ, முழங்கால் உசரத்துல, ஒரு சின்னக் கை அச்சு. ஏழு வயசுல தம்பி கைய வெச்சு அழுத்திக்கிட்டான், ரோண்டா வாய் நெறைய செங்காவியக் கரைச்சு அது மேல ஊதினா. கை இருந்த இடம் மட்டும் வெறுங்கல்லு. இவ்ளோ நேரம் அந்தப் பக்கமே திரும்பாமதான் இருந்தா.

"நீதான கூப்பிட்ட, நீயே போகச் சொல்லு,"ன்னாங்க அத்தை. "திட்டிச் சொல்லு. கொஞ்சினா போகமாட்டான். வீட்டுக்குள்ள வந்து உக்காந்துட்டான்னா, அவன் பிள்ளைங்கதான் காய்ச்சல்ல படுக்கும்."

தெரியும். சொல்ல வேண்டிய வார்த்தையும் தெரியும். போ, உன் எடத்துக்குப் போ, பின்னாடி வராத. வாயத் தொறந்தா.

"அந்த மூலைல இன்னும் கொஞ்சம் புல்லு இருக்கு அத்த."

அத்தை அவளையே பார்த்துக்கிட்டு நின்னாங்க. அப்பறம் குனிஞ்சு வார ஆரம்பிச்சாங்க.

எறங்கி வண்டிக்கு வந்ததும் அத்தை, தம்பி எப்பவும் உக்கார்ற பக்கத்து முன்கதவைத் தொறந்து, ஏறாம நின்னாங்க. மெல்லச் சாத்திட்டு, முட்டிவலியத் திட்டிக்கிட்டே பின்னாடி தண்ணிக் கேனுங்க நடுவுல போய் உக்காந்தாங்க.

"மெதுவா ஓட்டு."

ரோண்டா வண்டிய எடுத்தா. கொஞ்ச தூரத்துல செம்மண் புழுதி கெளம்புச்சு. ஒரு கையால ஸ்டீரிங்கப் பிடிச்சுக்கிட்டு, எட்டி, காலி சீட்டுப் பக்கத்து ஜன்னல் கண்ணாடிய ஏத்திவிட்டா.