போர்வைக்குள் இருந்த கை

கழுத்திலிருந்த தைராய்டு கட்டியை அகற்றிய மறுநாள் காலை மாமியாருக்கு விரல்நுனிகள் மரத்துப்போகத் தொடங்கின. இரத்தத்தில் கால்சியம் குறைந்திருந்தது. டிரிப்ஸில் ஏற்றும்படி எழுதிவிட்டுப் போனார் மருத்துவர். வார்டில் பணியிலிருந்த செவிலியரில் மருமகளும் ஒருத்தி. சொந்தக்காரர்களுக்கு ஊசி போடாதே என்பது பொறுப்பு சிஸ்டரின் கண்டிப்பு. ஆனால் அவர் வேறு கட்டிடத்துக்குக் கூட்டத்துக்குப் போயிருந்தார், மாமியாரோ வேறு யாரிடமும் கையை நீட்டச் சம்மதிக்கவில்லை. அறுவைக்குப் பிறகு குரல் வெறும் காற்றாகவே வந்தது. அந்தக் காற்றை வைத்துக்கொண்டே பக்கத்துக் கட்டில்காரியிடம் பெருமையடித்து முடித்திருந்தார்: என் மருமகள் ஊசி போட்டால் எறும்பு கடித்த மாதிரிகூட இருக்காது. பக்கத்துக் கட்டில்காரிக்கு வார்டில் ரேடியோ என்று பெயர். அவள் காதில் விழுந்தது கடைசிக் கட்டில்வரை போய்ச் சேர்ந்துவிடும்.

கால்சியம் இரத்தக்குழாய்க்கு வெளியே கசிந்தால் சதையை அரித்துவிடும். முன்கையின் பெரிய குழாயில்தான் ஏற்ற வேண்டும். மருமகளுக்கு இது தெரியாததல்ல. ஆனால் மாமியாரின் முன்கையில் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. ரேடியோ தலையணையில் முழங்கையை ஊன்றி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் முறை குத்தும்படி ஆகிவிட்டால் என்ன செய்வது என்ற கூச்சத்தில், இடது புறங்கையில் எடுப்பாகத் தெரிந்த மெல்லிய குழாயையே தேர்ந்தாள். ஒரே குத்தில் இரத்தம் எட்டிப்பார்த்தது. மாமியார் ரேடியோவைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

மற்ற நோயாளிகளிடம் அவள் கேள்வியோடு நிற்பதில்லை. ஊசிக்குழாயைச் சுற்றித் தொட்டுப் பார்ப்பாள், தோல் குளிர்ந்திருக்கிறதா, இறுகியிருக்கிறதா என்று. இங்கே வாயால் மட்டும் கேட்டாள். எரிகிறதா என்றால், இல்லைம்மா, நீ வேலையைப் பார் என்று பதில் வந்தது. குளிர்கிறது என்று சொல்லி மாமியார் போர்வையை மார்புவரை இழுத்துவிட்டிருந்தார். அந்தப் பதிலுக்குப் பிறகு போர்வையை விலக்கிப் பார்ப்பது, நீங்கள் சொல்வதை நான் நம்பவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்வதுபோல் அவளுக்குப் பட்டது. கல்யாணமான நாளிலிருந்து மாமியாரின் எந்தப் பேச்சையும் அவள் சரிபார்த்ததில்லை. அந்த வீட்டின் அமைதி அதன்மேல்தான் நின்றது. சொட்டு மெதுவாக விழத் தொடங்கியபோது, கை மடங்கியிருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லி வேகத்தைக் கொஞ்சம் கூட்டிவிட்டாள்.

ரவுண்ட்ஸுக்கு மருத்துவர் வந்தபோது பொறுப்பு சிஸ்டரும் திரும்பி வந்து கூடவே நின்றார். மாமியாரின் மேலுதட்டில் வியர்வை பூத்திருந்தது. எப்படி இருக்கிறது என்று மருத்துவர் கேட்டார்.

"இந்தக் கை மட்டும் கொஞ்சம் மரமரன்னு இருக்கு டாக்டர். காலைல இருந்த அதே மரமரப்புதான்."

அப்படியானால் கால்சியம் போதவில்லை, வேகத்தைக் கூட்டுங்கள் என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த கட்டிலுக்குத் திரும்பினார். பொறுப்பு சிஸ்டரின் விரல்கள் டிரிப்ஸ் குழாயை நோக்கி நீண்டன.

இந்தக் கை மட்டும். கால்சியம் குறைந்தால் இரண்டு கையும் மரக்கும், உதடும் மரக்கும். மருமகள் மாமியாரைப் பார்த்தாள். அவர் வலக்கையால் போர்வை விளிம்பை இறுக்கிப் பிடித்தபடி, யாரும் கவனிக்காத அளவுக்குத் தலையை அசைத்தார்: வேண்டாம். மாமியார் வலியை மறைத்துத் தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருப்பது அந்த நொடியில்தான் அவளுக்கு உறைத்தது.

"கூட்டாதீங்க சிஸ்டர்" என்று சொல்லிப் போர்வையை இழுத்தாள்.

தண்ணீர் ஊற்றிக் கட்டிய கையுறைபோல் இருந்தது கை. விரல் முட்டிகள் தெரியவில்லை. தோல் வெளிறிப் பளபளத்தது. ஊசி நுழைந்த இடத்தைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு. மருத்துவர் திரும்பி வந்தார்.

"தூக்கத்துல நான்தான் கையை மடக்கிட்டேன்" என்றார் மாமியார். "புள்ள மேல தப்பில்ல."

"மடக்கல டாக்டர். நான் போட்ட இடமே தப்பு. சொட்டு குறைஞ்சப்பவும் தொட்டுப் பாக்காம வேகத்தைக் கூட்டிட்டேன்." பிறகு குனிந்தாள். "அத்தை, எப்போலேருந்து எரியுது? இதுலயாவது நிஜத்தைச் சொல்லுங்க. எவ்வளவு மருந்து வெளிய போயிருக்குன்னு தெரியணும்."

மாமியார் கூரையைப் பார்த்தபடி சொன்னார்.

"நீ திறந்துவிட்டுட்டு அந்தப் பக்கம் திரும்பினியே, அப்பலேருந்து."



டிரிப்ஸை மூடினார்கள். ஊசிக்குழாயை எடுப்பதற்கு முன் சிரிஞ்சால் உறிஞ்ச முடிந்ததை உறிஞ்சினார்கள். வீக்கத்தின் எல்லையைப் பேனாவால் வரைந்து, கையைத் தலையணைமேல் உயர்த்தி வைத்தார்கள். கால்சியம் இன்னும் தேவைப்பட்டதால், வலது முன்கையில் பொறுப்பு சிஸ்டரே இரண்டு முறை குத்தி வேறு குழாய் போட்டார். மருமகளை அந்தக் கட்டிலின் பொறுப்பிலிருந்து விலக்கினார், திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. அறுவை மருத்துவர் வந்து பார்த்துவிட்டு, தோல் பிழைக்குமா என்பது சில நாள் போனால்தான் தெரியும் என்றார்.

பணி முடிந்ததும் அவள் உடையைக்கூட மாற்றாமல் கட்டிலருகே வந்து உட்கார்ந்தாள். மாமியார் அவளைப் பார்க்கவில்லை.

"நாலு பேர் முன்னாடி என்னைப் பொய்க்காரி ஆக்கிட்ட."

"ஆமா அத்தை."

மாமியார் சின்னதாக ஒரு அழகு நிலையம் நடத்துபவர். இடக்கை முடியைப் பிரித்துப் பிடிக்காவிட்டால் வலக்கைக் கத்தரிக்கு வேலையில்லை. உயர்த்தி வைத்த கையைக் கண்ணால் காட்டி, சீப்புப் பிடிக்க முடியுமா என்று கேட்டார். முடியும் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். நம்பத் தயாராகவே முகத்தை வைத்திருந்தார்.

"தெரியல அத்தை. கறுத்துப்போனா வெட்டி எடுத்துட்டு வேற தோல் வைப்பாங்க. விரல் முழுசா மடங்குமான்னு இப்ப யாராலயும் சொல்ல முடியாது."

வெளியே பார்வை நேரத்து மணி அடித்தது. வாசலில் ஆட்கள் சேரத் தொடங்கினார்கள்.

"அவன் வந்துருவான்" என்றார். "நீயே போய்ச் சொல்லு. நான் சொன்னா உன்னைக் காப்பாத்துற மாதிரிதான் சொல்லுவேன்."

கூட்டத்துக்கு நடுவே கணவனின் தலை தெரிந்தது. அவள் எழுந்து அவனை நோக்கிப் போனாள்.