அத்தை எடுத்த கம்பளி உடுப்பு

“அந்த உடுப்புக்கு பில்லு இருக்கா அண்ணி?”

தென்றல் கேட்டே விட்டாள். கல்யாணத்தன்று காரில் ஏறும்போது அவள் அம்மா காதோடு சொன்னது ஒன்றே ஒன்றுதான்: “நாத்தனா எது எடுத்துக் குடுத்தாலும் கண்ணுல ஒத்தி வாங்கிக்கோ. பில்லு மட்டும் கேட்டுடாத.” பிறந்த வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படியை மிதித்தவளுக்கு எந்தப் பேச்சு காதில் நின்றது?

சரோஜாவின் கையிலிருந்த காபி டம்ளர் பாதி வழியில் நின்றது. தென்றலின் கணவன் அறிவுச்செல்வனுக்கு அக்கா அவள். தம்பி மகள் ஓவியாவுக்குப் பேர் வைக்க, கீழ்பென்னாத்தூரிலிருந்து நேற்று வேங்கிக்காலுக்கு வந்திருந்தாள். பேர் வைக்கும் நாளில் அத்தை எடுத்த உடுப்பைத்தான் போடவேண்டும், மூன்று நாள் அதுவேதான் என்பது அவர்கள் வீட்டு வழக்கம். ரோஜா நிறக் கம்பளி. தலைக்குச் சேர்த்துத் தைத்த குல்லா. கழுத்தில் இரண்டு கயிறு, முனையில் பஞ்சுருண்டை. மார்பில் வரிசையாக முத்துமணி. அதற்குள் மூன்று மாதக் குழந்தை முகம் சிவக்கத் தூங்கிக்கொண்டிருந்தது.

“பில்லா? இன்னாத்துக்கு?”

“மாத்தறதுக்கு. இத போட்டுட்டு புள்ள தூங்கக் கூடாது.”

அறிவுச்செல்வன் பேப்பரை முகத்துக்கு மேலே உயர்த்திக்கொண்டான்.

“தேரடித் தெருவுல ஆறு கடை ஏறி எறங்கனேன்மா! மார்கழிக் குளிரு டிகிரி படிச்சவ பெத்த புள்ளைய மட்டும் அடிக்காதா? கைய தொட்டுப் பாரு, ஐஸு மாதிரி இருக்குது.”

“கை அப்பிடித்தான் இருக்கும். பொடனிய தொடுங்க.”

சரோஜா குழந்தையின் பின்கழுத்தைத் தொட்டாள். விரல் ஈரமாக வந்தது.

“வேர்க்குதே!”

“நாம குளிரு ஜாஸ்தினு சுத்தி வெச்சிருக்கோம், அவ உள்ள வெந்துட்டு இருக்கா. கவுறு கழுத்த சுத்திக்கினா? குல்லா மூக்கு மேல எறங்கனா? வாயத் தொறந்து சொல்வாளா?”

சரோஜாவின் முகம் சுருங்கியது. “அப்ப நான் எடுத்தது ஆவாதுன்ற.”

“உங்க மனசு ஆவும். இந்தத் துணி ஆவாது.”

சொல்லிக்கொண்டே மார்பிலிருந்த ஒரு மணியை நகத்தால் லேசாக இழுத்தாள் தென்றல். கையோடு வந்தது. நழுவித் தரையில் உருண்டு சரோஜாவின் கால் விரலில் முட்டி நின்றது. சரோஜா அதையே பார்த்தாள். அழப்போகிறாள் என்று தென்றல் நினைத்தாள்.

“கடைக்காரப் படவா! சாமி மேல சத்தியம் பண்ணி வித்தானே! எம் மருமவ வாய்க்குள்ள போயிருந்தா?” சரோஜா பர்ஸைத் திறந்து, நாலாக மடித்த பில்லைத் தென்றலின் கையில் அறைந்தாள். “பில்ல தூக்கிப் போட்டுட்டு வர்ற ஆளா நானு?”

பேப்பருக்குப் பின்னால் ஒரு சிரிப்பு வெடித்தது. தென்றலுக்கும் அடக்க முடியவில்லை.

கம்பளியைக் கழற்றி, கழுத்தைத் துடைத்து, பழைய பருத்திச் சட்டையை மாட்டியதும் விழித்துக்கொண்ட ஓவியா இரண்டு காலையும் உதறி ‘ங்ஙே’ என்று ஒரு கூவல் போட்டாள். சரோஜா சொடக்குப் போட்டுக் கொஞ்சினாள்.

“சரி, இன்னா எடுக்கப்போற?”

“பருத்தி. முழுக்கை, பாதம் மூடனது, முன்னாடி ஜிப்பு. ஒடம்போட ஒட்டி இருக்கணும். குளிரு ஜாஸ்தியானா உள்ள ஒரு பனியன். அவ்ளோதான்.”

“மொட்டையா இருக்குமேடி! பாக்கறவங்க இன்னா நெனப்பாங்க?”

“தூங்கறப்ப யாரு அண்ணி பாக்கறாங்க?”

“ஒரே ஒரு பூவாச்சும்…”

“அச்சடிச்ச பூன்னா சரி. அதுவும் அத்தை எடுத்ததுதான்.”

தென்றல் குழந்தையை அறிவுச்செல்வனின் மடியில் கிடத்தினாள். பேப்பர் கீழே விழுந்தது. உருண்ட மணியைப் பொறுக்கி உடுப்போடு அது வந்த அட்டைப் பெட்டியில் போட்டு மூடினாள்.

“இருடி, செருப்பு போட்டுக்கறேன்! அவன நான்தான் கேக்கணும்!”

தென்றல் அதற்குள் பாதிப் படி இறங்கியிருந்தாள், பெட்டி கக்கத்தில், பில்லு கையில்.