அட்டையில் நாலாவது கட்டம்

ஆயிரத்து இருநூறு பக்கம். தூக்கிப் போட்டால் ஆள் காலி. அப்பேர்ப்பட்ட பழைய ரஷ்ய நாவலை, இதய ஆபரேஷன் முடிந்து நெஞ்சில் தையல் போட்ட மனுஷன் மடியில் தலையணை வைத்து அதன்மேல் விரித்துப் படித்துக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வருஷம் லேத் பட்டறையில் இரும்பு கடைந்தவர். நாவல் என்று ஒன்றைத் தொட்டதே இப்போதுதான். "நான் திரும்பி வர்றதுக்குள்ள முடிச்சிடணும்ப்பா" என்று சொல்லி, கப்பல் வேலைக்குக் கிளம்பும்போது மகன் கையில் திணித்துவிட்டுப் போன புத்தகம். அந்தக் கப்பலைக் காணோம் என்று தகவல் வந்து இரண்டு மாசம் ஆகிறது.

ரஷ்யாக்காரர்கள் லேசுப்பட்டவர்களா என்ன? ஒரே ஆளை அம்மா ஒரு பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள், பட்டாளத்தில் வேறு பேர், மரியாதைக்கு அப்பன் பேரையும் சேர்த்து இன்னொன்று. மனுஷனுக்குத் தலை சுற்றியது. பட்டறைப் பழக்கத்தில் ஒரு அட்டையில் ஸ்கேல் வைத்து நாலு கட்டம் போட்டார்: பேர், உறவு, வேலை, இருக்கிறானா செத்தானா.

கதையில் சண்டைக்குப் போன கடைக்குட்டிப் பையன்மேல் அவருக்கு உயிர். அவனுடைய செல்லப்பேரை ஒரு வரியில் எழுதினார். ஐந்தாறு வரி தள்ளி அதே பையனின் பட்டாளப் பேர். நூலளவு பிசகாத மனுஷன், இரண்டும் வேறு வேறு ஆள் என்றே நினைத்துவிட்டார். தொள்ளாயிரத்துப் பன்னிரண்டாம் பக்கத்தில் பட்டாளப் பேர்க்காரன் குண்டடிபட்டுச் செத்தபோது, "பாவம், யார் பெத்த பிள்ளையோ!" என்று சொல்லி நாலாவது கட்டத்தில் பெருக்கல் குறி போட்டார். செல்லப்பேருக்கு நேரே 'இருக்கிறான்' என்பது அப்படியே நின்றது.

மகள் அந்த அட்டையைப் பார்த்தாள். தம்பி அந்த நாவலை வாங்கி வந்ததுமே படித்து முடித்தவள் அவள்.

"ஏம்மா, அந்தக் கடைக்குட்டிப் பய கடைசியில வீட்டுக்கு வந்துடுவான்ல? நீதான் படிச்சிருக்கியே."

அவள் மாத்திரையைப் பிரித்தபடியே சொன்னாள்: "வந்துடுவான்ப்பா."

வேறென்ன சொல்வாள்? தம்பியின் உடல் கிடைத்துவிட்டது என்று கப்பல் கம்பெனி எழுதிய கடிதம் தையல் மெஷின் இழுப்பறையில் துணிக்கு அடியில் கிடந்தது. ஆறு வாரத்துக்கு எந்த அதிர்ச்சியும் கூடாது, இதயம் தாங்காது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அப்பாவையும் பறிகொடுக்க அவளால் முடியாது. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுவாள், முகம் கழுவிக்கொண்டு வந்து மாத்திரை கொடுப்பாள்.

ஒரு மத்தியானம் வேலையிலிருந்து வந்தபோது புத்தகம் மூடிக் கிடந்தது. மேலே அட்டை. செல்லப்பேரையும் பட்டாளப் பேரையும் பென்சில் கோடு ஒன்று சேர்த்திருந்தது. 'இருக்கிறான்' அழிக்கப்பட்டிருந்தது.

"கல்லறையில அம்மாக்காரி செல்லப்பேர், பட்டாளப் பேர் ரெண்டையும் சொல்லிக் கூப்பிட்டு அழறாம்மா," என்றார் அப்பா. "ரெண்டும் ஒருத்தன்தான். முந்நூறு பக்கமா செத்தவனை வருவான் வருவான்னு பார்த்துட்டு இருந்திருக்கேன், மடையன்."

அவள் கைப்பையைக் கீழே வைத்தாள்.

"நீ வந்துடுவான்னு சொன்னியே?"

"உங்க உடம்புக்காகத்தான்ப்பா..."

நெஞ்சுத் தையல்மேல் ஒரு கையை அழுத்திக்கொண்டு மறு கையை நீட்டினார். "கதையில வர்ற பயல் விஷயத்துலயே எங்கிட்டப் பொய் சொல்லியிருக்க. நம்ம பய விஷயமா என்ன வந்திருக்கோ, அதைக் கொண்டா."

அவள் இழுப்பறையைத் திறந்து எடுத்து வந்தாள். அவர் பிரிக்கவில்லை.

"எத்தனை நாளாச்சு?"

"பதினேழு நாள்."

"அடிப் பாவி மகளே! பதினேழு நாளும் தனியாவா அழுத?"